பூட்டை இழுத்துப் பார்ப்பவரும் கடல் முயலும்

“திரு. கூத்தையா, எம்.எஸ்ஸி.: அளக்கும்போது, அளக்கப்படும் உயிரைச் சிறிதும் தொந்தரவு செய்யாதவர். கைகளை அடக்கத் தெரிந்தவர். ஆய்வின் நடுவே ஒரு மதிய இடைவேளை முழுவதையும், பூட்டிய கதவுக்கு வெளியே அசையாமல் காத்திருந்து கழித்த பொறுமைசாலி.”

இது சென்னையிலிருந்து பார்வையிட வந்த பெரிய அதிகாரி தம் கைப்பட எழுதிய வாசகம். பச்சை மையில் எழுதியது. பச்சை மையில் எழுதியதைப் பொய் என்று சொல்லக்கூடியவன் நம் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. அந்த வாசகத்தில் வருகிற கூத்தையா எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் சொல்கிறேன்; மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பூட்ட மறந்து போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு சாராராலும் எழுதுகிறவனுக்கு ஒரு காசு பிரயோசனமில்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்கிற இனம். முதல் இழுப்பு, பூட்டு விழுந்ததா என்று பார்க்க. இரண்டாவது இழுப்பு, முதல் இழுப்பினால் பூட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்க்க. மூன்றாவதற்குக் காரணம் கேட்கக்கூடாது, அது பக்தி.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டு, அது அடியில் போய் விழுந்த சத்தத்தைக் காதாரக் கேட்ட பிறகும், பெட்டியின் வாய்க்குள் விரல்களை விட்டுத் துழாவுகிறவர். பஸ் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பரமக்குடி போய்ச் சேரும்வரை மார்பைத் தடவிக்கொண்டே வந்து, பக்கத்து ஸீட்டுக்காரர் நெஞ்சுவலி என்று பயந்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்கும்படி செய்கிறவர். ராத்திரி ஸ்டவ்வை அணைத்துவிட்டு, அணைந்துவிட்டதா என்று தீக்குச்சி கிழித்து வெளிச்சம் காட்டிப் பார்க்கிறவர். கேட்டால் ஒரே பதில்தான். “எதுக்கும் ஒரு தடவை.” ஒரு தடவை என்று அவர் சொல்வது எண்ணிக்கையல்ல. தண்ணீரில் குதிப்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல, அடுத்த ஆறேழு தடவைக்கான ஆயத்தம்.

கூத்தையா நயினார்கோவில் பக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக நெல்லும் மிளகாயும் போட்டுவிட்டு, மழை வருமா வராதா என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து நீண்டுபோன குடும்பம். ஆகவே சந்தேகம் ரத்தத்தில் ஊறியது என்று முடிவுகட்டலாம். ஆனால் கூடப்பிறந்த அண்ணன் ராக்கப்பன், விதைத்துவிட்டு வந்தால் வயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறட்டை விடுகிறவர். அதனால் ரத்தத்தின் மேலும் பழிபோட வழியில்லை.

தம்பி படித்தது விலங்கியல். உத்தியோகம், உச்சிப்புளிக்குக் கிழக்கே கடற்கரையில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. வேலை தற்காலிகம். குடியிருப்பு, உச்சிப்புளியில் ஓர் ஓட்டு வீடு. அதன் கதவில் ஒரு நாதாங்கி. நாதாங்கியில் ஒரு பூட்டு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாதாங்கியை ஆசாரி வந்து ஆணியடித்து இறுக்கிவிட்டுப் போவார், கூத்தையா இழுத்து இழுத்து அதைத் தளர்த்துவார், தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, “பாத்தியா, நான் இழுத்துப் பாத்ததாலதான தெரிஞ்சது!” என்று மறுபடி ஆசாரியைக் கூப்பிடுவார். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். கதவில்தான் இருக்கிறது.

கல்யாணமான புதிதில், “கதவப் பூட்டுனியா?” என்று அவர் கேட்டால், மனைவி பூமயில் முழுசாகப் பதில் சொல்வார்: “பூட்டிட்டேங்க, இழுத்தும் பாத்துட்டேன், சாவி இந்தா இங்கன இடுப்புல இருக்கு.” சில மாதங்களில் அது “பூட்டியாச்சு” என்று சுருங்கிற்று. வருடம் திரும்புவதற்குள் “ம்.” அதற்கப்புறம் அதுவும் இல்லை. கடற்கரையில் குடியிருப்பவனுக்கு அலைச்சத்தம் எப்படியோ, பூமயிலுக்கு அந்தக் கேள்வி அப்படி. காதில் விழும், உள்ளே போகாது.

நடுவில் ஒருநாள் நிஜமாகவே கதவு திறந்து கிடந்தது. தெருவில் போன வெள்ளாடு ஒன்று உள்ளே நுழைந்து, முறத்தில் பரப்பியிருந்த உளுந்தை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, போகிற போக்கில் பஞ்சாங்கத்தையும் ருசி பார்த்துவிட்டுப் போயிற்று. கதவைத் திறந்து போட்டது யார் என்கிறீர்களா? வேறு யார்? ஸ்டவ் அணைந்திருக்கிறதா என்று எதற்கும் ஒரு தடவை பார்ப்பதற்காகப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, ஸ்டவ்வைப் பார்த்த திருப்தியில் கதவை மறந்துபோன கூத்தையாதான். ஆனால் அந்த அதிர்ச்சியில் பூமயிலின் காது திறந்துகொண்டது. ஒரு வாரத்துக்கு, கேள்வி முடியும் முன்பே “பூட்டிட்டேங்க!” என்று தெருவே கேட்கும்படி பதில் வந்தது. அப்புறம் மறுபடி “ம்.” மறுபடி மௌனம்.

அதே கேள்விதான். கேட்கிறவளின் காது மழுங்கிக்கொண்டே போகிறது. கேட்கிறவரின் நாக்கு கூராகிக்கொண்டே வருகிறது. இது குடும்பக் கதை, இதற்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கூத்தையா சம்பளம் வாங்கியதே இதற்குத்தான்.

அவருடைய ஆராய்ச்சி கடல் முயலைப் பற்றியது. கடல் முயல், முயலுமல்ல; ஓடவும் ஓடாது. கைக்கு அடங்குகிற வழவழத்த ஒரு சதைக் கட்டி. பாசி மேய்ந்துகொண்டு கிடக்கும். கோபம் வந்தால் ஊதா நிறத்தில் மை கக்கும். தலையில் முயல்காது போல இரண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். இதைப் படைத்தவன் அழகில் காட்டிய கஞ்சத்தனத்தை நரம்பில் ஈடுகட்டிவிட்டான். நம்முடைய நரம்பணுக்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. இதற்கோ சிலது கடுகளவு பெரியவை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் உருக்கி இழுத்து, தலைமுடியைவிட மெல்லிய ஊசியாக்கி, உள்ளே உப்புக் கரைசலை நிரப்பி, அந்த ஊசி முனையை ஒரு கடுகுக்குள் நோகாமல் நுழைத்துவிட்டால், உள்ளே எழும் மின்சாரத்தை அளக்கலாம். டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூட வராத மின்சாரம். அதைப் பெருக்கி அலைகாட்டியின் திரையில் ஒரு பச்சைக் கோடாக ஓடவிடுவார்கள்.

கடல் முயலின் தோலை மெல்லிய தூரிகையால் தொட்டால், தொட்ட செய்தி ஒரு நரம்பின் வழியே ஓடிவந்து அடுத்த நரம்பின் வாசலில் நிற்கும். அந்த வாசலுக்கு நரம்புச் சந்தி என்று பெயர். சினாப்ஸ் என்றும் சொல்வார்கள். செய்தி வாசலைத் தாண்டினால் பச்சைக் கோட்டில் ஒரு மேடு எழும். அதிசயம் மேட்டில் இல்லை. அது மாறுவதில் இருக்கிறது. மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால் மேடு தேய்ந்துகொண்டே வரும். “பூட்டிட்டேங்க”, “பூட்டியாச்சு”, “ம்”, தரைமட்டம். தொடாமல் விட்டுவைத்தால் மறுபடி வளரும். வேறெங்காவது பலமாகக் கிள்ளிவைத்தால், ஆடு உளுந்தைத் தின்ற மறுநாள் மாதிரி, துள்ளி எழும். ஆக, சந்தி என்பது கல்லில் கொத்தியது அல்ல. புழங்கப் புழங்க ஒரு சந்தி இளகும், இன்னொன்று இறுகும். நாம் கற்பதும் மறப்பதும் இந்த வாசலில்தானோ என்று அந்த நாளில் உலகத்தின் நாலைந்து மூலைகளில் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மூலை உச்சிப்புளி.

சந்தேகப்படுவதற்குக் கூத்தையாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

பார்க்க வருகிறவர்களுக்கு அவரைப்போலத் தெளிவாக இதை விளக்கவும் ஆள் கிடையாது. “தொட்டா மாறும். அளக்கிறதுக்காகத் தொட்டாலும் மாறும். அதனால தேவையில்லாமத் தொடக்கூடாது, அதுதான் இந்த வேலைக்கு முதல் பாடம்” என்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருக்கிற தூரிகை போய் ஒரு தடவை தொட்டுவிட்டு வந்துவிடும். தெரியாமல் செய்கிறவனைத் திருத்தலாம். தெரிந்து செய்கிறவரை என்ன செய்வது? நாம் சொல்ல நினைப்பதையெல்லாம் அவரே முந்திக்கொண்டு நமக்குச் சொல்லிவிடுகிறாரே!

அந்த வருடம் ஆடிக் கடைசியில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நரம்பு அறை இருக்கலாமா, மூடிவிடலாமா என்பதை அவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். இருந்தால் கூத்தையாவின் வேலை நிரந்தரம். மூடினால் அறை கருவாட்டுப் பிரிவுக்கு, கூத்தையா ஊருக்கு. கருவாட்டுப் பிரிவினர் ஏற்கனவே மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவுக்கு முன்பே வாசனை வந்து குடியேறியிருந்தது. ஊரிலிருந்து அண்ணன் ராக்கப்பன் ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தார்: “வேல போனா போகட்டும்டா, வந்துரு. மொளகாக் காட்டுக் காவலுக்கு ஆளு தேடிக்கிட்டுக் கெடக்கேன். அதுக்கு ஒன்னய விட்டா ஆளு யாரு இருக்கா?”

இதைக் கேட்டதிலிருந்து கூத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூமயிலுக்கோ, புருஷன் காட்டில் காவல் இருந்தால், தான் அவருக்குக் காவல் இருக்க வேண்டிவருமே என்ற கவலை.

அதிகாரி வருகிற காலையில், கடல் முயல் பிடித்துக் கொடுக்கும் அப்துல் குத்தூஸ், வற்றுநீரில் இறங்கி நல்ல கொழுத்த உருப்படியாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஊதாக் கறை படாத கைலி ஒன்றுகூட இல்லாதவர் அவர். கூத்தையா அதைத் தட்டில் கிடத்தி, திறந்து, முதல் முயற்சியிலேயே ஊசியை உள்ளே இறக்கிவிட்டார். அந்த ஒரு காரியத்தில் அவர் மன்னர். அதை மறைக்க மாட்டேன். தூரிகையால் தொட்டார். பச்சைக் கோட்டில் கோபுரம்போல மேடு எழுந்தது.

“மாஷா அல்லாஹ்! இம்புட்டு ஒசரத்த நான் பாத்ததே இல்ல. விட்டுருங்க சார், அவரு வந்து தொடட்டும்” என்றார் குத்தூஸ்.

“விட்டுர்றேன் பாய். எதுக்கும் ஒரு தடவை...”

தொட்டார். எழுந்தது.

“அதான் வேல செய்யுதுல்ல?”

“செய்யுது. செஞ்சுக்கிட்டே இருக்கான்னு பாக்கணும்ல?”

“இப்பத்தான சார் பாத்தீக?”

“அது அப்ப.”

இந்த “அது அப்ப” என்ற இரண்டு சொல்லுக்கு மறுமொழி சொல்ல எந்தத் தர்க்க சாஸ்திரத்திலும் இடமில்லை. குத்தூஸ் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அதிகாரியின் ஜீப் வந்து நிற்கும்வரை, உள்ளே சரிபார்க்கும் வைபவம் நடந்துகொண்டிருந்தது.

அதிகாரி வெள்ளைக் கால்சட்டைக்காரர். சுருக்கமாகப் பேசுகிறவர். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தூரிகையை வாங்கித் தாமே தொட்டார். பச்சைக் கோடு சித்திரை மாதத்துக் கண்மாய் மாதிரி படுத்துக் கிடந்தது. மறுபடி தொட்டார். கண்மாயில் ஒரு சலனமும் இல்லை.

“இதுதான் பேசற சந்தியா?”

“களைச்சுப்போயிருக்கு சார்” என்றார் கூத்தையா. “ரொம்பத் தொட்டுட்டேன். கொஞ்ச நேரம் தொடாம விட்டா எந்திரிச்சிரும். அதுதான் சார் இதோட விசேஷமே.”

அதிகாரி மூக்கைச் சுளித்தார். கருவாட்டு வாசனையா, அவநம்பிக்கையா, தெரியவில்லை. “சரி. நான் சாப்பிட்டுட்டு வரேன். வந்து ஒரே ஒரு தடவை தொடுவேன். எழுந்தா அறை உங்களுக்கு. எழலைன்னா கருவாட்டுக்கு. சாயங்காலம் எனக்கு ரயில்.”

அவர் விருந்தினர் விடுதிக்குப் போனார். அங்கே நண்டும் கணவாயும் காத்திருந்தன. கூத்தையா செய்யவேண்டியது இப்போது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

வாசகர்களே, மலையைப் புரட்டச் சொல்லுங்கள், பாம்பன் பாலத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், இந்த இனத்தார் முயன்று பார்ப்பார்கள். சும்மா இருக்கச் சொன்னீர்களோ, தீர்ந்தது. கூத்தையா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தார். வலது கை மெல்ல வெளியே வந்தது. இடது கை அதைப் பிடித்து உள்ளே தள்ளிற்று. பிறகு இடது கை வெளியே வந்தது.

“பாய், அது நல்லா ஓய்வு எடுக்குதான்னு எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டா என்ன?”

“தூங்குற புள்ளைய எழுப்பி, தூங்குறியான்னு கேக்கப் போறீகளா? வெளிய வாங்க சார்!” குத்தூஸ் அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளி, அறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டிய பிறகுதான் தாம் செய்த தவறு அவருக்கு உறைத்தது. கூத்தையாவின் கண் அந்தப் பூட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதை இழுத்தால் கதவு ஆடும். கதவு ஆடினால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் முடியைவிட மெல்லிய ஊசி கடுகுக்குள்ளிருந்து நழுவிவிடும். எல்லாம் கூத்தையாவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு அடி முன்னால் வைத்தார்.

அந்த நேரத்தில் பூமயில் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார். குத்தூஸ் இரண்டு வாக்கியத்தில் நிலவரத்தைச் சொன்னார். “தங்கச்சி, இன்னம் ஒரு மணி நேரம் இவர இந்த அறைப் பக்கம் அண்டவிடாமப் பண்ணணும். என்னால ஏலாது.”

பூமயில் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கணவரைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து எத்தனையோ தடவை கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுக்கு, அன்று கேட்காமலே பதில் சொன்னார்.

“ஏங்க, வீட்டப் பூட்டுனேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்லீங்க.”

அப்போது கூத்தையாவின் முகத்தில் எழுந்த மேட்டை அலைகாட்டியில் பிடித்திருந்தால் திரை கிழிந்திருக்கும். “என்ன?” என்றார். “பூட்டலயா?” என்றார். “பூட்டுன மாதிரியும் இருக்கு, பூட்டாத மாதிரியும் இருக்கு” என்றார் பூமயில், இடுப்பிலிருந்த சாவியை முந்தானையால் மூடிக்கொண்டே. பேச்சு முடிவதற்குள் சைக்கிள் மணல் பாதையைத் தாண்டிவிட்டது.

“பாவம், சோறு திங்காமப் போறாரே” என்றார் குத்தூஸ்.

“பூட்டித்தான் இருக்கு. இழுத்துப் பாத்துட்டு வந்து திங்கட்டும்.”

வீடு பூட்டித்தான் இருந்தது. கூத்தையா பூட்டைக் கண்ணால் பார்த்தார். இந்த இனத்துக்குக் கண் ஒரு சாட்சியா? இழுத்தார். பூட்டு அசையவில்லை. மனம் குளிர்ந்தது. தெருமுனை வரை போனவர், அசையவில்லை என்பது உண்மைதானா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து மறுபடி இழுத்தார். நரம்பு அறையின் வாசலில் அடக்கிவைத்த இழுப்பெல்லாம் சேர்ந்து அந்தக் கைகளில் வந்து இறங்கிற்று. ஆசாரி அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் பூட்டு, நாதாங்கியோடு, பூட்டியபடியே, அவர் கையில் வந்துவிட்டது. கதவு ஈ என்று திறந்துகொண்டது.

“பாத்தியா!” என்றார் கூத்தையா வெற்றிக் களிப்போடு. பார்ப்பதற்கு எதிர்ச் சாரியில் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றிருந்தது. பழைய ஆடுதான். அது ஓர் அடி முன்னால் வந்தது.

தோளிலிருந்த துண்டால் கதவைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். அவிழ்த்து இன்னொரு முடிச்சுப் போட்டார். அதையும் இழுத்துப் பார்த்தார். ஆட்டை விரட்டினார், ஆடு போய்விட்டதா என்று திரும்பி வந்து பார்த்தார். இப்படியாக ஒரு மதிய இடைவேளை இனிது கழிந்தது.

அவர் வியர்த்து விறுவிறுக்க ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பி அறை வாசலில் நின்ற பிறகுதான், அதிகாரி ஏப்பம் விட்டபடி விடுதியிலிருந்து வந்து சேர்ந்தார். அதற்குள் குத்தூஸ் கதவைத் திறந்துவைத்திருந்தார். மூவரும் உள்ளே போனார்கள். அதிகாரி சொன்ன சொல் தவறாமல் ஒரே ஒரு தடவை தொட்டார்.

மேடு எழுந்தது. காலையில் எழுந்த அதே கோபுரம், கலசம் குறையாமல்.

அதிகாரி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் தூரிகையை மறுபடி நீட்டினார். “எதுக்கும் இன்னொரு தடவை பார்க்கலாமே?”

“வேண்டாம் சார்” என்றார் கூத்தையா. “தொட்டா மாறிரும்.” சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அதைச் சொல்லும்போது அவர் கை தொடவில்லை. இரண்டு கையும் வேறு வேலையாக இருந்தன. அதிகாரியின் பார்வை அந்தக் கைகளில் விழுந்தது. அவற்றில் ஒரு பூட்டு இருந்தது.

“ஓ! அறையைப் பூட்டி வச்சுட்டு, வெளியிலேயே காவல் இருந்தீங்களா? இவ்வளவு நேரமும்?”

கூத்தையா உண்மை பேசுகிறவர். வாயைத் திறந்தார். அதற்குள் குத்தூஸ் முந்திக்கொண்டார்: “ஆமா சார். இம்புட்டு நேரமும் சார் பூட்ட விட்டுக் கைய எடுத்திருந்தா என்னயக் கேளுங்க.”

அதிகாரி நெகிழ்ந்துபோனார். பேனாவைத் திறந்தார். பச்சை மை. எழுதி முடித்து ஜீப்பில் ஏறும்போது, சட்டைப்பையைத் தொட்டு ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஜீப் புறப்பட்டது. சவுக்குத் தோப்புத் திருப்பத்தில், கை மறுபடி சட்டைப்பைக்குப் போவது தெரிந்தது.

இவ்வளவையும் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். இப்படியும் ஒரு மனிதரா என்றுகூட நினைத்திருப்பீர்கள். இருக்கட்டும். நீங்கள் புறப்படும்போது ஸ்டவ்வை அணைத்தீர்களா? நிச்சயமாகவா? கொல்லைக் கதவு? பாருங்கள், கை இடுப்புக்குப் போகிறது. கூச்சப்படாதீர்கள். எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் மெல்ல இழுங்கள், ஆணி பாவம்.

நரம்பு அறை தப்பித்தது. வேலை நிரந்தரமாயிற்று. அந்த மதியம் கூத்தையா செய்தது இதுதான்: சைக்கிளில் வீட்டுக்குப் போய், பூட்டியிருந்த பூட்டை, நாதாங்கி பிடுங்கிக்கொண்டு வரும்வரை இழுத்துப் பார்த்தார்.